பழிக்குப் பின் வரும் பயிற்சியாளர்: பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஒரு நியமனத்தின் எல்லைகளும்

கேள்வி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து அணியைச் சுற்றிப் பெருங்குற்றமோ முறைகேடோ வெளிப்படும்போது, அந்த நிறுவனம் எடுக்கும் முடிவுகளில் மக்கள் கண்ணில் முதலில் படுவது புதிய தலைமைப் பயிற்சியாளரின் நியமனமே. விசாரணை அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீள, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட, புதியவரை அறிமுகப்படுத்தும் கூட்டம் மட்டும் ஒரே நாளில் நடந்து முடிந்து, பழைய காலம் போய்விட்டது என்ற செய்தியை நாடெங்கும் கொண்டுசேர்த்துவிடுகிறது. அந்த நியமனத்தால் உண்மையில் சீர்படுவது எது, சீர்பட்டதுபோலத் தோன்றச் செய்யப்படுவது எது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இது குறித்துப் பொதுவாக நிலவும் கருத்துகள் இரண்டு. நிறுவனத்தோடு எந்த ஒட்டுறவும் இல்லாத வெளியாளைக் கொண்டுவந்தால்தான் பழி கழியும் என்பது ஒன்று. அணியின் மரபை அறிந்த உள்ளவர் ஒருவராலேயே கலங்கிய இளைஞர்களைத் தாங்கிப்பிடிக்க முடியும் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: நோயும் மருந்தும் பயிற்சியாளர் என்ற ஒரே ஆளிடம் இருக்கின்றன என்பது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சுருக்கமாகப் பென் ஸ்டேட்டில், 2011 நவம்பருக்கும் 2014 டிசம்பருக்கும் இடையில் நடந்தவை அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் போதிய சான்றுகளைத் தருகின்றன.

கால்பந்து என்று இங்கே சொல்லப்படுவது தமிழ் வாசகர்கள் அறிந்த, காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்குப் பதினொருவராக ஆடும் அமெரிக்கக் கால்பந்து.

பதவியின் இயல்பு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைமைப் பயிற்சியாளரை உடற்கல்வி ஆசிரியர் என்ற சொல்லால் புரிந்துகொள்ள முடியாது. பல மாநிலங்களில் அரசு நிறுவனங்களிலேயே மிக உயர்ந்த ஊதியம் பெறுபவர் அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருக்கிறார். ஆளுநரும் பல்கலைக்கழகத் தலைவரும் அவருக்குப் பின்னால்தான். பென் ஸ்டேட்டின் பீவர் அரங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து ஆட்டம் பார்க்கின்றனர். உயர்மட்டப் பிரிவில் ஆடும் ஓர் அணி, அக்காலத்து விதிப்படி, 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை வழங்கலாம். உதவித்தொகை என்பது கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றைப் பல்கலைக்கழகமே ஏற்பது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று, பெற்றோருடன் அமர்ந்து பேசி, அந்த இடங்களுக்கு ஆள் சேர்ப்பவர் பயிற்சியாளர்தான். பிள்ளையின் குடும்பம் நம்பி ஒப்புக்கொள்வது பல்கலைக்கழகத்தை என்பதைவிட அந்த மனிதரை என்று சொல்வதே பொருந்தும்.

ஏட்டில் உள்ள அதிகார வரிசை தெளிவானது. பயிற்சியாளர் விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கட்டுப்பட்டவர். இயக்குநர் பல்கலைக்கழகத் தலைவருக்கும், தலைவர் அறங்காவலர் குழுவுக்கும் கட்டுப்பட்டவர்கள். நடைமுறையில் அந்த வரிசை தலைகீழாகும் தருணங்கள் உண்டு. பென் ஸ்டேட்டில் 2004-இல் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது, தலைவர் கிரகாம் ஸ்பேனியரும் விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியும் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் வீட்டுக்கே சென்று அவர் ஓய்வுபெறுவது குறித்துப் பேசினர். அவர் மறுத்துவிட்டார், பதவியில் நீடித்தார். மேலதிகாரிகள் கீழ்நிலை அலுவலரின் வீட்டுக்குச் சென்று கேட்டதும், அவர் மறுத்ததும், மறுப்பே இறுதி முடிவானதும் அந்த நிறுவனத்தில் அதிகாரம் எங்கே குடியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்வு பல அறிக்கைகளைவிட உதவுகிறது.

பென் ஸ்டேட்: 46 பருவங்களும் ஐந்து நாள்களும்

பட்டர்னோ 1950-இல் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1966-இல் தலைமைப் பயிற்சியாளராகி, 46 பருவங்கள் அப்பொறுப்பில் இருந்தவர். 409 வெற்றிகளும், 1982, 1986 ஆகிய ஆண்டுகளின் தேசிய வாகைப் பட்டங்களும் அவர் கணக்கில் சேர்ந்தவை. ஆட்டத்தையும் கல்வியையும் ஒருங்கே வளர்க்க முடியும் என்பதை அவர் தம் கொள்கையாக அறிவித்திருந்தார். வீரர்களின் சட்டைகளில் பெயர் பொறிக்காத வழக்கமும், பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் குடும்பம் அளித்த பெருங்கொடையும் அந்தக் கொள்கையின் அடையாளங்களாகவே போற்றப்பட்டன. 2001-இல், அவர் உயிரோடும் பதவியோடும் இருக்கும்போதே, அரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது.

அவருடைய தற்காப்புப் பிரிவை நெடுங்காலம் வழிநடத்தியவர் ஜெரி சண்டஸ்கி. 1977-இல் வறிய சிறுவர்களுக்கென 'செகண்ட் மைல்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய சண்டஸ்கி, 1999-இல் ஓய்வுபெற்ற பிறகும் அணியின் கட்டடத்துக்குள் வந்துபோகும் உரிமையைத் தக்கவைத்திருந்தார். 1998-இலேயே அவர்மீது ஒரு புகார் விசாரிக்கப்பட்டு, வழக்குப் பதிவாகாமல் முடிந்திருந்தது. 2001-இல் அணியின் குளியலறையில் ஒரு சிறுவனுடன் அவர் இருந்ததைக் கண்ட இளம் உதவியாளர் ஒருவர் மறுநாள் பட்டர்னோவிடம் தெரிவித்தார். பட்டர்னோ அதைக் கர்லியிடம் தெரிவித்தார். செய்தி துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸையும் தலைவர் ஸ்பேனியரையும் எட்டியது. காவல்துறைக்கோ குழந்தைகள் நலத்துறைக்கோ அது போய்ச் சேரவில்லை. அந்தச் சிறுவன் யார் என்று கண்டறியக்கூட எவரும் முயலவில்லை என்பது இந்த வரலாற்றில் மிகவும் வேதனைக்குரிய பகுதி.

சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகச் சண்டஸ்கி கைதானது 2011 நவம்பர் 5. நான்கு நாள் கழித்து, நவம்பர் 9 அன்று இரவு, அறங்காவலர் குழு தலைவரையும் பயிற்சியாளரையும் ஒரே கூட்டத்தில் பதவியிலிருந்து அகற்றியது. பட்டர்னோவுக்கு அது தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினர்; தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் வண்டி கவிழ்க்கப்பட்டது. குழந்தைகள்மீது இழைக்கப்பட்ட கொடுமைக்காகத் திரளாத கூட்டம் பயிற்சியாளருக்காகத் திரண்டதைப் பார்க்கும்போது, அடுத்து வருபவர் ஏறப்போகும் இடத்தின் தன்மை விளங்குகிறது. 2012 ஜனவரி 22 அன்று, நுரையீரல் புற்றுநோயால், 85-ஆம் வயதில் பட்டர்னோ காலமானார். 2012 ஜூனில் சண்டஸ்கி 48 குற்றச்சாட்டுகளில் 45-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அக்டோபரில் 30 முதல் 60 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை பெற்றார்.

உள்ளவரா, வெளியாளா

பட்டர்னோ அகற்றப்பட்டவுடன் இடைக்காலப் பொறுப்பேற்ற டாம் பிராட்லி, பென் ஸ்டேட்டில் ஆடி, அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். மரபுவாதிகளின் இயல்பான தேர்வு அவரே. ஆனால் தற்காப்புப் பிரிவில் சண்டஸ்கியின் இடத்துக்கு வந்தவரும் அவர்தான். அவர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை என்றபோதும், அவரை நியமிப்பதன் பொருளைப் பல்கலைக்கழகத்தால் கட்டுப்படுத்தியிருக்க முடியாது. ஆளின் தகுதியிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும் இந்தப் பொருள்தான் பழிக்குப் பிந்தைய நியமனங்களைச் சாதாரண நியமனங்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவ் ஜாய்னர், தற்காலிக விளையாட்டுத் துறை இயக்குநர், முன்னாள் வீரர், அறங்காவலர் குழுவிலிருந்து அப்பதவிக்கு வந்தவர். அறங்காவலர், பேராசிரியர், வேறு விளையாட்டின் பயிற்சியாளர் எனக் குழுவில் பல தரப்பினர் இருந்தனர். எல்லோரும் பல்கலைக்கழகத்தோடு பிணைப்புடையவர்கள். வெளியாளைத் தேடியவர்கள் உள்ளவர்கள் என்ற இந்த நிலை போதிய கவனம் பெறாதது வியப்பளிக்கிறது. தேர்ந்தெடுக்கப்படுபவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும், அவருடைய பணி என்ன என்பதை வரையறுத்தவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

2012 ஜனவரி தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பெயர் பில் ஓபிரையன். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர்; அதுவரை எந்த மட்டத்திலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை; பென் ஸ்டேட்டோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர். பட்டர்னோவும் ஓபிரையனும் படித்தது ஒரே பிரவுன் பல்கலைக்கழகத்தில் என்பது மட்டுமே தற்செயலான ஒற்றுமை. லவார் ஆரிங்டன் போன்ற புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் இத்தேர்வை வெளிப்படையாகக் கண்டித்தனர். வெளியாளை அழைப்பதே, அங்கே வளர்ந்த அனைவரும் கறைபட்டவர்கள் என்று பல்கலைக்கழகமே சொல்வதாகும் என்பது அவர்கள் மனக்குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குற்றத்துக்கும் மௌனத்துக்கும் பொறுப்பானவர்கள் சிலர் இருக்க, ஒட்டுமொத்த அணிமரபின்மேலும் ஐயத்தின் நிழல் விழுந்தது.

ஆனால் வெளியாள் தனியாக வருவதில்லை, வரவும் முடியாது. ஓபிரையன் பிப்ரவரி 5 அன்று நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை பேட்ரியட்ஸ் அணியிலேயே பணியாற்றினார். உயர்நிலைப் பள்ளி வீரர்கள் கல்லூரிகளுக்கு ஒப்பமிடும் நாளோ அதற்கு முன்பே, பிப்ரவரி முதல் நாளில் வந்தது. ஒப்புக்கொண்ட பிள்ளைகள் விலகாமல் காக்க, அவர்களின் குடும்பங்களை அறிந்தவர்கள் வேண்டியிருந்தது. பழைய துணைப் பயிற்சியாளர்களில் லாரி ஜான்சன், ரான் வாண்டர்லிண்டன் ஆகிய இருவரை அவர் தக்கவைத்துக்கொண்டார்; பிராட்லி வெளியேறினார். முற்றான முறிவு என்று அறிவிக்கப்பட்ட நியமனத்துக்குள்ளேயே ஒரு மெல்லிய தொடர்ச்சி இவ்வாறு பின்னப்பட்டது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. யார் தக்கவைக்கப்படுகிறார், எந்த ஆய்வுக்குப் பிறகு, எதற்காக என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. அக்கேள்வியின் கனம், பின்னர் காணவிருக்கும் பேய்லர் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தில் தெரிகிறது.

தண்டனை வந்த பின்

ஓபிரையன் ஏற்றுக்கொண்ட பணியும் அவர் செய்ய நேர்ந்த பணியும் வேறு வேறு. 2012 ஜூலை 12 அன்று, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் லூயி ஃப்ரீ, அறங்காவலர் குழு கேட்டுக்கொண்டபடி நடத்திய விசாரணையின் அறிக்கையை வெளியிட்டார். ஸ்பேனியர், ஷுல்ட்ஸ், கர்லி, பட்டர்னோ ஆகிய நால்வரும் உண்மையை மறைத்தனர் என்றும், கால்பந்தின்மீது பல்கலைக்கழகம் முழுவதும் பரவியிருந்த பக்தி அதற்குத் துணைநின்றது என்றும் அது முடிவுகட்டியது. பட்டர்னோ குடும்பம் இதை மறுத்து, முன்னாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் தார்ன்பர்க் உள்ளிட்டோரைக் கொண்டு எதிர் அறிக்கை ஒன்றை 2013-இல் வெளியிட்டது. முக்கியமான சாட்சிகள் பலரிடம் ஃப்ரீ குழு பேசவில்லை என்பதும், இறந்துவிட்ட பட்டர்னோவின் மனநிலை பற்றிய முடிவுகள் சான்றை மீறியவை என்பதும் அதன் சாரம். விசாரணை முறை பற்றிய அந்தக் குறைகளுக்கு வலு உண்டு. ஆனால் பட்டர்னோவின் உள்ளத்தில் இருந்தது என்ன என்ற விவாதம், பல உயர் அலுவலர்கள் ஒரு செய்தியை அறிந்தும் அது வளாகத்தை விட்டு வெளியேறாமல் போனது ஏன் என்ற கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. 2017-இல் கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததாகச் சிறுகுற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஸ்பேனியர் அதே வகைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடுகள் முடிந்தபின் 2021-இல் சிறை சென்றார்.

அறிக்கை வெளியான பதினொரு நாளில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு, தானாக விசாரணை எதுவும் நடத்தாமல், ஃப்ரீ அறிக்கையையே அடிப்படையாகக் கொண்டு தண்டனை விதித்தது. 6 கோடி டாலர் அபராதம்; பருவத்தின் முடிவில் சிறந்த அணிகள் ஆடும் 'பவுல்' ஆட்டங்களுக்கு நான்காண்டுத் தடை; உதவித்தொகை இடங்கள் 85-இலிருந்து 65 ஆகக் குறைப்பு; 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகள் அனைத்தும் ஏட்டிலிருந்து நீக்கம். அத்துடன், வீரர்கள் எவரும் காத்திருப்புக் காலமின்றி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம் என்ற அனுமதியும் தரப்பட்டது. வீரர்களுக்கு நீதியான இந்த அனுமதி, பயிற்சியாளருக்கு அணியே கலைந்துபோகும் அபாயமாக வந்தது. முதல்நிலை ஓட்டக்காரர் சைலஸ் ரெட் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும், பந்து உதைப்பவர் டெக்சாஸுக்கும், பந்து பிடிப்பவர்களில் முதன்மையானவர் ஓக்லஹோமாவுக்கும் சென்றனர்.

பெரும்பாலோர் தங்கினர். தங்கப்போவதை ஊடகங்கள் முன் அறிவித்தவர்களில் முன்னின்ற மைக்கேல் மௌட்டி, மைக்கேல் ஜோர்டிச் இருவரின் தந்தையரும் பென் ஸ்டேட்டில் ஆடியவர்கள். உள்ளவர், வெளியாள் என்ற பிரிவினை நடைமுறையில் எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முன்னாள் வீரர்களில் சிலர் ஏற்க மறுத்த வெளியாளைச் சுற்றி, முன்னாள் வீரர்களின் பிள்ளைகள் அணியைக் கட்டிக்காத்தனர்.

2012 பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அணி, இறுதியில் எட்டு வெற்றி, நான்கு தோல்வி என்ற கணக்கில் முடித்தது. சட்டைகளில் முதன்முறையாக வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. குழந்தைகள்மீதான வன்கொடுமைக்கு ஆளானவர்களை நினைவுகூரும் நீல நாடாச் சின்னமும் சேர்க்கப்பட்டது. அணிக்காகத் தங்கியவர் யார் என்று காண்பவர் அறிய வேண்டும் என்பது பெயர் பொறித்ததன் நோக்கம். கடைசி ஆட்டத்தில் விஸ்கான்சினை வென்ற அன்று, வாகை சூடிய ஆண்டுகளும் தோல்வியறியாத ஆண்டுகளும் பொறிக்கப்படும் அரங்கச் சுவரில் '2012' என்ற எண் திறந்துவைக்கப்பட்டது. எந்தப் பட்டத்துக்கும் போட்டியிட முடியாத ஓர் அணிக்கு அந்த மரியாதை கிடைத்தது. ஓபிரையன் அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான தேசிய விருதுகளைப் பெற்றார்.

இதில் ஓபிரையன் செய்தது உண்மையிலேயே அரிய பணி. குற்றம் நடந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிறர் செய்த குற்றத்துக்கான தண்டனையைச் சுமந்தபோது, அவர்களுடன் நின்றவர் அவர். ஆயினும் அந்தப் பருவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் 'குணமடைதல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததை ஏற்க முடியாது. குணமடைந்தது அணி, பாதிக்கப்பட்டவர்கள் அப்போதுதான் இழப்பீட்டுப் பேச்சுகளைத் தொடங்கியிருந்தனர். பின்னாளில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பல்கலைக்கழகம் வழங்கிய தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது. அணியின் மீட்சியை நிறுவனத்தின் மீட்சியாகவும், நிறுவனத்தின் மீட்சியைப் பாதிக்கப்பட்டவர்களின் மீட்சியாகவும் படிப்படியாக மாற்றிப் பேசும் வழக்கு, கால்பந்து வெற்றியே எல்லாவற்றையும் அளக்கும் கோல் என்ற பழைய பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இரண்டு பருவங்களுக்குப் பிறகு ஓபிரையன் ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குச் சென்றார். 2014 செப்டம்பரில் பவுல் தடை நீங்கியது. 2015 ஜனவரியில், மாநில அரசியலர் தொடுத்த வழக்கின் சமரசமாக, நீக்கப்பட்ட வெற்றிகளும் திருப்பித் தரப்பட்டன. 2012 ஜூலையில் அகற்றப்பட்ட சிலை மட்டும் திரும்பவில்லை.

மூன்று ஒப்பீடுகள்

டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில், பாலியல் வன்முறைப் புகார்கள் கையாளப்பட்ட விதம் குறித்த விசாரணைக்குப் பிறகு, 2016 மே மாதத்தில் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் அகற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் அப்பதவியை இழந்தார். விளையாட்டுத் துறை இயக்குநரும் விலகினார். முழு அறிக்கைக்குப் பதிலாக வெளியிடப்பட்ட சுருக்கத்தில், கால்பந்துத் துறையினர் புகார் சொன்னவர்களையோ அவர்களின் குடும்பத்தினரையோ தாமே சந்தித்துப் பேசி, உரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் விட்ட நிகழ்வுகள் சுட்டப்பட்டிருந்தன. சில நாள்களில் இடைக்காலப் பயிற்சியாளராக அழைக்கப்பட்ட ஜிம் கிரோப், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நற்பெயர் எடுத்த மூத்தவர். அவருக்குக் கீழே பிரைல்ஸின் மகன், மருமகன் உட்படப் பழைய துணைப் பயிற்சியாளர்கள் ஏறத்தாழ அப்படியே நீடித்தனர். நவம்பர் தொடக்கத்தில், அவர்களில் பலர் பிரைல்ஸுக்கு ஆதரவான ஒரே அறிக்கையைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டனர். மேலே ஒருவரை மட்டும் மாற்றி, வீட்டுக்குள் இருந்தவர்கள் யார், என்ன அறிந்திருந்தார்கள் என்பதைத் தொடாமல் விட்டதன் விளைவு அது. ஆறு தொடர் வெற்றிகளோடு தொடங்கிய பருவம் ஆறு தொடர் தோல்விகளாகச் சரிந்தது.

அந்த டிசம்பரில் வந்த மாட் ரூல், டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். டெக்சாஸில் வேர் இல்லாதவர். இளமையில் அவர் ஆடியது பென் ஸ்டேட்டில், பட்டர்னோவின் கீழ். ஒரு நிறுவனத்தில் தூய வெளியாளாக வரவேற்கப்படுபவர் மற்றொன்றில் மரபின் பிள்ளையாகவே எண்ணப்படுவார் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்களைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்ட அவர், 2017-இல் ஒரே ஒரு வெற்றியும் 11 தோல்விகளும் கண்டு, 2019-இல் 11 வெற்றிகளை எட்டினார். முதல் ஆண்டின் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ள நிர்வாகம் ஆயத்தமாக இருந்ததே அவ்வழி திறந்ததற்குக் காரணம். இதற்கிடையே, பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாளத் தவறியதற்காகப் பேய்லரைத் தண்டிக்கத் தன் விதிகளில் இடமில்லை என்று என்.சி.ஏ.ஏ. 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வீரர்களுக்கு முறையற்ற சலுகை கொடுத்தால் தண்டிக்கும் விதிநூலில் அந்தக் குற்றத்துக்குப் பக்கம் இல்லை.

சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் வரலாறு வேறு வகை. வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக 1987 பருவம் முழுவதும் அதன் கால்பந்து நிறுத்தப்பட்டது. 'மரண தண்டனை' என்று பேச்சுவழக்கில் அறியப்பட்ட தண்டனை அது. தண்டனைக்குப் பிறகு அழைக்கப்பட்ட ஃபாரஸ்ட் கிரெக் அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர். தொழில்முறைக் கால்பந்தில் பெரும் புகழ் பெற்றவர். 1989, 1990 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து அவருடைய அணி மூன்றே ஆட்டங்களை வென்றது. உள்ளவரின் பற்று வீரர்கள் இல்லாத குறையை நிரப்பவில்லை. அங்கே பணம் கொடுப்பது தொடர்ந்ததைப் பல்கலைக்கழக ஆளுநர் குழுவின் தலைவராயிருந்த பில் கிளெமென்ட்ஸ், டெக்சாஸ் மாநில ஆளுநராகிவிட்ட நிலையில், தாம் அறிந்திருந்ததாக ஒப்புக்கொண்டதும், அந்தக் குழுவே கலைக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கவை. கை வைக்க வேண்டிய இடம் பயிற்சியாளருக்கு மேலே என்பது அங்கே வெளிப்படையாகவே ஏற்கப்பட்டது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2023 ஜூலையில், வீரர்களிடையே நடந்த வதை குறித்த செய்திகளை மாணவர் நாளிதழ் வெளியிட்ட பின், பாட் ஃபிட்ஸ்ஜெரால்டை அகற்றியது. தமக்கு அது தெரியாது என்று மறுத்துவந்த அவர் தொடுத்த வழக்கு 2025-இல் சமரசத்தில் முடிந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்த டேவிட் பிரான் இடைக்காலப் பொறுப்பேற்று, முந்தைய ஆண்டு ஒரே ஆட்டம் வென்ற அணியை எட்டு வெற்றிகளுக்கு இட்டுச்சென்றார். வீரர்களின் வழக்குகள் நிலுவையில் இருக்கும்போதே, அந்த நவம்பரில் அவர் நிரந்தரமாக்கப்பட்டார். பிரானின் திறமையில் ஐயமில்லை. ஆனால் வதை நின்றதா என்ற கேள்விக்கு வெற்றி எண்ணிக்கை விடையாக முடியாது.

நியமனம் தொடாத இடம்

ஃப்ரீ அறிக்கையின் நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளில் தலைமைப் பயிற்சியாளராக யார் வர வேண்டும் என்பது பற்றியவை இல்லை. விளையாட்டுத் துறையைப் பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைகளோடு இணைப்பது, கட்டடங்களுக்குள் யார் நுழையலாம் என்பதை வரையறுப்பது, அறங்காவலர் குழுவுக்குச் செய்தி போய்ச் சேரும் வழியை உறுதிசெய்வது, வளாகக் குற்றங்களைப் பதிவுசெய்யும் பயிற்சியைப் பரவலாக்குவது போன்றவையே அவற்றில் நிறைந்திருந்தன. வளாகக் குற்றங்களை வெளிப்படுத்தக் கோரும் கூட்டாட்சிச் சட்டத்தை மீறியதற்காக, 2016-இல் கல்வித்துறை பென் ஸ்டேட்டுக்கு ஏறத்தாழ 24 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இந்த விவரங்கள் விளையாட்டுப் பக்கங்களில் இடம்பெறுவது அரிது.

பயிற்சியாளரின் பெயர் மாறும்போது அந்தப் பதவியின் எடை மாறவில்லை என்பதும் தெளிவு. ஓபிரையனின் ஒப்பந்தம் ஆண்டுக்கு இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. தன்னடக்கத்தின் சின்னமாகக் கருதப்பட்ட பட்டர்னோவின் ஊதியத்தைவிட அது மிகுதி. ஓபிரையனுக்குப் பின் 2014 ஜனவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2016-இல் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று, மேலும் உயர்ந்த ஒப்பந்தங்களைப் பெற்றார். அதே 2016 செப்டம்பரில், பட்டர்னோ தலைமைப் பயிற்சியாளராக ஆடுகளத்தில் இறங்கிய முதல் ஆட்டத்தின் ஐம்பதாம் ஆண்டை, டெம்பிளுக்கு எதிரான ஆட்டத்தின்போது பல்கலைக்கழகம் நினைவுகூர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பேசியவர்களுக்கு அது வலித்தது. பழைய மாணவர்கள் பலருக்கு அது தாமதமாக வந்த நீதியாகத் தோன்றியது.

மாற்றம் நிகழ்ந்த இடம் ஒன்று உண்டு. அது ஆடுகளத்திலிருந்தும் தேர்வுக் குழுவிலிருந்தும் விலகி, மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறது. 2001-இல் நடப்பிலிருந்த பென்சில்வேனியச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தின் பணியாளர் குழந்தைக்கு நேர்ந்த கொடுமை குறித்து ஐயுற்றால், அதை அந்நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் அரசுக்குத் தெரிவிப்பது பொறுப்பாளரின் கடமை. கண்டவர் பயிற்சியாளரிடம் சொன்னதும், பயிற்சியாளர் இயக்குநரிடம் சொன்னதும் அந்த ஏணியில் ஏறிய படிகளே. ஏணியின் உச்சியில் இருந்தவர்கள் அதை அங்கேயே நிறுத்திக்கொண்டனர். சண்டஸ்கி வழக்குக்குப் பிறகு அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைப்படி திருத்தப்பட்டு, 2014 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த ஏணியை அகற்றியது. இப்போது, தெரிவிக்கும் கடமை உடையவர், மேலதிகாரியின் இசைவுக்குக் காத்திராமல், மாநிலத்தின் குழந்தைகள் பாதுகாப்புத் தொடர்பு எண்ணுக்குத் தாமே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். மேலதிகாரிக்குச் சொல்வது அதன் பின்னர். ஃபிராங்க்ளின் பென் ஸ்டேட்டில் தம் முதல் பருவத்தை முடித்த நான்கு நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.